மோல்மீனுக்கு யுத்தம் வராத வருஷம்

ஏழூற்றுப்பட்டியில் ஏழு ஊற்று இருந்ததை யாரும் பார்த்ததில்லை, ஒரு ஊற்று இருந்ததைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே இருந்ததெல்லாம் கோயில் கிணறு ஒன்று, பஞ்சாயத்துக் கிணறு ஒன்று, ஆவுடையப்ப முதலாளியின் தகரக் கொட்டகை ஒன்று, இந்த மூன்றில் எது இல்லாமல்போனால் ஊர் தாங்காது என்று கேட்டால் ஆம்பிளைகள் தாடையைச் சொறிந்து யோசிப்பார்கள், பொம்பிளைகள் யோசிக்காமல் கொட்டகை என்பார்கள். அந்தக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து டிக்கெட் பொந்துக்குள் உட்கார்ந்திருந்தவள் சொர்ணக்கனி. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகத்தைவிட அவள் கைதான் பழக்கம். மடிப்பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது என்பது கொட்டகைச் சட்டம் என்பதால், பள்ளிக்கூடம் போய் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளையெல்லாம் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, கால் தரையில் இழுபட, இன்னும் பால்குடி மறக்கவில்லை என்று சொல்லி வந்து நிற்கும் தாய்மார்களோடு அவள் தினமும் மல்லுக்கு நின்றாள், சந்தேகம் வந்தால் பொந்து வழியாகவே கையை நீட்டிப் பிள்ளையின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தாள், கடவாய்ப்பல் தட்டுப்பட்டால் ஒரு டிக்கெட்டைக் கிழித்தாள். அழுதாலும் மசியமாட்டாள், திட்டினாலும் மசியமாட்டாள்.

அப்படிப்பட்டவள் மசிந்த ஒரே ஆள் ஆபரேட்டர் மாசிலாமணி. கொட்டகை வாசலுக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகவேண்டிய மெஷின் ரூமில், அடுப்படிச் சூட்டில் வேர்த்து வடிந்துகொண்டு படம் ஓட்டுகிற அந்த மனுஷன் இடைவேளையில் கீழே இறங்கி வந்து, பொந்துக்குப் பக்கத்தில் நின்று, அவள் குடித்து வைத்த மிச்ச டீயைக் குடித்துவிட்டு மறுபடி ஏறிப்போவார்; இது ஊருக்கே தெரியும், ஊர் தெரியாத மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நாலு பேர் முன்னால் அவரை அண்ணாச்சி என்பாள், ஆள் இல்லாத நேரத்தில் எப்படியும் கூப்பிடமாட்டாள், வெறும் 'இங்க பாருங்க'தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் மாசிலாமணியிடம் ஒரே பதில் இருந்தது: இந்தப் படம் தூக்கட்டும், கனி. பொங்கல் படத்தைத் தூக்கினார்கள், சித்திரைப் படத்தைத் தூக்கினார்கள், சாமி படத்தைத் தூக்கினார்கள், கத்திச்சண்டைப் படத்தைத் தூக்கினார்கள். ஒரு படம் பெட்டிக்குள் போய் அடங்குவதற்குள் அடுத்த படம் பஸ்ஸில் வந்து இறங்கிவிடும், கூடவே அவருடைய அடுத்த சாக்கும் இறங்கிவிடும்.

கனியின் அண்ணன் தவசிமுத்து சைக்கிள் கடை வைத்திருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனுஷன், ஒருநாள் கடையநல்லூர்ப் பக்கத்தில் அரிசிமில் மேஸ்திரி ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, முதல் சம்சாரம் தவறிவிட்டது, இரண்டு பிள்ளைகளும் பெரிசாகிவிட்டன, நல்ல மனுஷன், கொஞ்சம் இருமல் மட்டும் உண்டு என்றார். ஆவணி பிறப்பதற்குள் அந்த மெஷின்காரன் வந்து முறையாகப் பெண் கேட்டால் சரி, இல்லையென்றால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அங்கே போய்க் கைநனைத்துவிட்டு வந்துவிடுவேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் கைநனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி, அதற்கு மேல் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. கனி இதை மாசிலாமணியிடம் சொன்னாள், டீ கிளாசைக் கையில் கொடுக்காமலேயே சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்போது வந்திருக்கிற படம் அரதப் பழசு, ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, இதைத் தூக்கின மறுநிமிஷம் உன் அண்ணாச்சி கடை வாசலில் வந்து நிற்கிறேன், இது சத்தியம் என்றார். அப்போது வைகாசி மாதம்.

வந்திருந்த படத்தின் பெயர் 'மோல்மீன் மல்லிகா'. நம் அப்பன் தாத்தா காலத்தில் வெள்ளைக்காரன் ஊரையெல்லாம் அழவைத்த படம் என்று போஸ்டரில் போட்டிருந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. பர்மாவில் மோல்மீன் பட்டணத்தில் தேக்குமரக் கம்பெனியில் கிளார்க்காக இருக்கும் கமலநாதனுக்கும், அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் செட்டியார் மகள் மல்லிகாவுக்கும் காதல். பாட்டாகப் பாடி, வில்லனை ஆற்றில் தள்ளி, பதிமூன்றாவது ரீலில் கல்யாணம் முடிந்து, மறுநாள் காலையில் கமலநாதன் சிரித்த முகத்தோடு ரேடியோவைத் திருகப்போவான். பதினாலாவது ரீல் முழுக்க யுத்தம். விமானம் வரும், ஊர் எரியும், கடைசிக் கப்பலுக்கு ஆளுக்கு ஒரு பாஸ் வேண்டும், கமலநாதன் தன்னுடைய பாஸை முன்பின் தெரியாத ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்துவிட்டுத் துறைமுகத்திலேயே நின்று கையை ஆட்டுவான், குண்டு விழும். மல்லிகா கப்பலில் நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். அவ்வளவுதான்.

அந்தப் பதினாலாவது ரீலை ஏழூற்றுப்பட்டி பார்க்கவேயில்லை, பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை. கொட்டகை போட்ட புதிதில், தாய் செத்துப்போகிற ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் நிலைப்படி தாண்டாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். படத்தில் செத்தால் என்ன, வீட்டுப் பாயில் செத்தால் என்ன, கண்ணால் சாவைப் பார்த்தோமா இல்லையா, தீட்டு தீட்டுத்தானே என்று கேட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள். ஊர் மொத்தமும் குளித்ததில் இரண்டு கிணறும் ஒரே ராத்திரியில் வற்றி, மறுநாள் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மாடுகள் கத்தின. பஞ்சாயத்து கூடியது. இனிமேல் கொட்டகையில் யாரும் சாகக்கூடாது என்று தீர்மானமாயிற்று. வில்லன் மட்டும் சாகலாம், அவன் நமக்கு எந்த வழியிலும் பங்காளி இல்லை, அவனுக்காக யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ள வேண்டாம். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் மாசிலாமணி முதலில் தனியாக ஓட்டிப் பார்த்து, சாவு விழுகிற ரீலைத் தகர டப்பாவிலேயே பூட்டி மூலையில் வைத்துவிட்டு, மிச்சத்தை ஓட்டி, வணக்கம் சிலைடு போட்டு அனுப்பிவிடுவார். ஊரில் இருந்த அத்தனை ஜனத்துக்கும் எல்லாப் படமும் கல்யாணத்தோடு முடிந்தது. அதற்கு அப்பால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஆள் மாசிலாமணி ஒருத்தர்தான்.

மோல்மீன் மல்லிகாவும் அப்படித்தான் பதிமூன்றாம் ரீலோடு நிற்க வேண்டும். முதல் இரண்டு நாள் நின்றது. அடுத்த நாள் மாலைக் காட்சியில் மாசிலாமணி வணக்கம் சிலைடைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க, ரீல் தீராமல் ஓடிக்கொண்டேயிருந்தது. கமலநாதன் ரேடியோவைத் திருகினான், யுத்தம் டப்பாவுக்குள் பூட்டிக் கிடந்ததால் ரேடியோ சும்மா கரகரத்தது, ஒண்ணுமில்லையே என்று அதை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மல்லிகா பாலை அடுப்பில் வைத்தாள், பால் திரிந்துபோயிற்று, தலையில் கைவைத்து உட்கார்ந்தாள், அப்போதுதான் ரீல் தீர்ந்தது. ஜனம் எழுந்து தூசி தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. பதிமூன்றாம் ரீல் சக்கரத்துக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றதை மாசிலாமணி முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். முதலாளி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இதைச் சுற்றிவைக்க இன்னொரு காலிச் சக்கரம் நம்மிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது.

மறுநாள் மல்லிகா மண்பானை வாங்கினாள். அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரியோடு சண்டை போட்டு, சமாதானமாகி, மீன் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு காட்சிக்கும் அவர்கள் குடித்தனம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது, படமும் நீண்டது. காதலித்த கதையெல்லாம் பார்த்தாயிற்று, குடித்தனத்துக்கு மட்டும் வந்தால் போதாதா என்று பெண்கள் உலையை இறக்கிவைத்துவிட்டு இடைவேளைக்குப் பிறகுதான் வர ஆரம்பித்தார்கள். கனியின் பொந்துக்கு முன்னால் புதுச் சண்டைகள் கிளம்பின. உள்ளே போனவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. பாத்திரக்கடை சண்முகவடிவு, நல்ல தொண்டைக்காரி, ஏ பிள்ளை, அடுப்பை அந்த மூலையில் வைத்தால் காற்று அணைத்துவிடாதா என்று சத்தம்போட்டுச் சொன்னாள். மல்லிகா கையில் அகப்பையோடு நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் படத்தில் அடுப்பு இந்த மூலைக்கு வந்திருந்தது. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா. புளி எவ்வளவு கரைக்க வேண்டும், பித்தவெடிப்புக்கு என்ன பூச வேண்டும், கமலநாதனின் சம்பள நாளில் என்ன பேச வேண்டும் என்று பெஞ்சு பெஞ்சாகச் சொல்லிக்கொடுத்தார்கள். திரை முழுக்கப் பழைய பிரிண்டின் கீறல் மழையாகப் பெய்துகொண்டிருந்ததால் துணி காயப்போடாதே என்று சொன்னவர்களும் உண்டு.

ஆனியில் மல்லிகாவுக்குத் தலைசுற்றியது. மற்றவர்கள் வெயில் என்று நினைத்தார்கள், சண்முகவடிவு மட்டும் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு வளைகாப்புக்கு நாள் குறித்தாள். அன்றைக்கு ஐந்து வகைச் சோறு கிண்டிக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, திரைக்குக் கீழே வளையல்களை அடுக்கி, குங்குமம் வைத்து, பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். முதலாளி எலுமிச்சைச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் கீழே வளையல் இல்லை, மாலையில் மல்லிகா கை நிறைய இருந்தது. கறுப்பு வெள்ளைப் படமானதால் எது யார் கொடுத்தது என்று தெரியாமல், அந்த மூன்றாவது நான் போட்ட பச்சை, இல்லை அது என் சிவப்பு என்று கொஞ்ச நாள் தெருவில் பேச்சுவார்த்தை இல்லாமல்போயிற்று. பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, ஊரே கூடிச் செல்லப்பாண்டி என்று பேர் வைத்தது. படத்தில் காலம் நம்மூர்க் காலம் மாதிரி நடக்காது, ஒரு பாட்டு முடிவதற்குள் தவழ்ந்துவிடும், இன்னொரு பாட்டுக்குள் ஓடிவிடும். ஆடி பிறந்தபோது செல்லப்பாண்டி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். படத்தைத் திருப்பி எடுத்துப் போக மதுரையிலிருந்து வந்த பெட்டிக்காரர், ரீல்கள் இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பதைப் பார்த்து மலைத்து, பையனுக்கு மொட்டை போடுவதை மட்டும் பார்த்துவிட்டு, ஆடி கடைசியில் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஆண்களுக்குத்தான் தலைவலி. கமலநாதன் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். வந்ததும் வெங்காயம் அரிந்தான். மல்லிகாவுக்கு இடுப்பு வலித்தால் தண்ணீர் எடுத்துக்கொடுத்தான், அதையும் ஏதோ பெரிய காரியம் செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாமல் செய்தான். ஏழூற்றுப்பட்டியில் வீட்டுக்கு வீடு அவன் பேச்சாகிவிட்டது. சண்முகவடிவின் புருஷன் குற்றாலிங்கம் ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லப்போய், கமலநாதன் எழுந்துபோய் உப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறான் என்று பதில் வாங்கிக்கொண்டு வந்து, பூட்டிக் கிடக்கிற ரீலில் என்ன இருக்கிறது என்று மாசிலாமணியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாளே ஆண்களைத் திரட்டிக்கொண்டு முதலாளியிடம் போனார். ஒரு கதை என்றால் அதற்கு ஒரு நியாயம் வேண்டும், பணம் கட்டி வாங்கின யுத்தத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துக்கொண்டு ஒரு கிளார்க்கை வைத்து ஊரைக் கெடுக்கலாமா, சீக்கிரம் யுத்தத்தை ஓட்டி அவனைக் கப்பலுக்கு வெளியே நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். பெண்களுக்கு இது தெரிந்து, கமலநாதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் நாங்கள் வாரம் முழுக்கத் தலைக்கு ஊற்றுவோம், அப்புறம் கிணற்றை நீங்களே நக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முதலாளி இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

யுத்தமும் சும்மா இருக்கவில்லை. மெஷின் ரூம் மூலையில் கிடந்த பதினாலாம் ரீல் டப்பா நாளுக்கு நாள் சூடேறி, உள்ளே குடுகுடுவென்று உறும ஆரம்பித்தது. மாசிலாமணி அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டார், மத்தியானச் சோற்றுத் தூக்கை அதன்மேல் வைத்துச் சுடவைத்துச் சாப்பிட்டார், மற்றபடி அதைத் தொடவில்லை.

இத்தனை பெண்களில் யுத்தம் வரட்டும் என்று மனசுக்குள் நினைத்தவள் சொர்ணக்கனி ஒருத்திதான். வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் அடித்தே கொன்றுவிடுவார்கள். அவளுக்கும் அந்தப் பையனைப் பிடிக்கும், மல்லிகா வளையலில் ஒன்று அவள் போட்டதுதான், ஆனாலும் தினமும் பொந்துக்குள் உட்கார்ந்து அடுத்தவள் குடித்தனத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வயிறு எரியாதா? எரிந்தது. படம் தூக்கினால் வருவேன் என்ற மனுஷன் தூக்காத படத்துக்குக் கீழே நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆடி கடைசி வெள்ளியன்று மதினி அவளிடம் கூரைப்புடவை நிறத்தைக் கேட்டாள். அண்ணன் கடையநல்லூருக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு முன்னால், கனி பொந்தை மூடி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள்.

ஈரச்சாக்கை எடுத்து எறிந்துவிட்டு, சேலைத்தலைப்பால் டப்பாவைப் பிடித்துத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள். கை சுட்டது.

"இத ஓட்டுங்க."

"அவன் செத்துருவான், கனி. பிள்ளை வேற இருக்கு. என்னால முடியாது."

"நீங்க ஓட்டாட்டி நா செத்துருவேன்னு சொல்ல வரல. சாக மாட்டேன். கடையநல்லூர்ல அந்த அரிசிமில்லுக்காரருக்குச் சோறு பொங்கிக்கிட்டு, அவரு இருமுறப்ப முதுகு தடவிக்கிட்டு, நல்லாத்தான் இருப்பேன். அறுபது எழுபது வயசு வரைக்கும் இருப்பேன். அத யோசிச்சுப் பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். டிக்கெட் கொடுத்து முடிந்ததும் எப்போதும்போல உள்ளே உட்கார்ந்து சில்லறையை அடுக்காமல், பெண்கள் பக்கம் போய் முதல் பெஞ்சில் சண்முகவடிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதல் முடிந்தது, கல்யாணம் முடிந்தது, வளைகாப்பு, மொட்டை, பள்ளிக்கூடம் எல்லாம் முடிந்தது. ஒரு காலையில் கமலநாதன் சிரித்த முகத்தோடு ரேடியோவைத் திருகினான், இந்தத் தடவை அது கரகரக்கவில்லை, தெளிவாகப் பேசியது.

தகரக்கூரை அதிர விமானங்கள் வந்தன. பெண்கள் சேலைத்தலைப்பைப் பிள்ளைகள் தலையில் போட்டு மூடினார்கள். ஆண்கள் பக்கத்தில் இவ்வளவு நாள் யுத்தம் கேட்ட குற்றாலிங்கம் எழுந்து, வேண்டாம்பா, நிறுத்தச் சொல்லுங்கப்பா என்று மெஷின் ரூமைப் பார்த்துக் கையைக் காட்டினார். அது நிற்கவில்லை. தேக்குக் கம்பெனி எரிந்தது, மல்லிகா வாங்கிய பானையெல்லாம் உடைந்தது, ஊர் பார்த்து இடம் மாற்றிய அடுப்பு சரிந்தது, மூன்று பேரும் ஒரு டிரங்குப் பெட்டியையும் ஒரு குடையையும் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்கள். கப்பல் வாசலில் ஒரு தொப்பிக்காரன் நின்றான், தலைக்கு ஒரு பாஸ். கமலநாதன் கையில் அவனுக்கு ஒன்று, மல்லிகாவுக்கு ஒன்று, செல்லப்பாண்டிக்கு ஒன்று என்று மூன்று பாஸ் இருந்தது. பக்கத்தில் பாஸ் இல்லாமல் ஒரு பிள்ளைத்தாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலநாதன் அவளைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பின்னால் வயலின் ஆரம்பித்துவிட்டது. வயலின் வந்தால் ஆள் கெட்ட முடிவெடுக்கிறான் என்பது சாவு பார்க்காத ஊருக்கும் தெரியும்.

கனிக்கு எப்படி எழுந்தோம் என்றே தெரியவில்லை. பெஞ்சுமேல் ஏறி நின்றிருந்தாள்.

"ஏ மல்லிகா, பிள்ளையத் தூக்கி இடுப்புல வையி. மடிப்பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. அவன் சீட்ட அந்தப் பொண்ணுக்குக் குடு."

கொட்டகை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. எத்தனை பிள்ளைகளின் வாய்க்குள் விரல் விட்ட கை அது. மல்லிகாவும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, புருஷன் கையிலிருந்த பாஸ் ஒன்றைப் பிடுங்கிப் பிள்ளைத்தாச்சி கையில் திணித்து, சிலேட்டும் பையுமாக நின்ற செல்லப்பாண்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவன் கால் தரையில் இழுபட்டது. தொப்பிக்காரன் மறித்தான். எத்தனை வயசு என்று கேட்டான். இன்னும் பால்குடி மறக்கலைங்க என்றாள் மல்லிகா. அவன் நம்பாமல் கையை நீட்டிப் பையன் வாய்க்குள் விரலைவிட்டான். செல்லப்பாண்டி கடித்தான். சாதாரணக் கடி இல்லை, ஏழூற்றுப்பட்டியே பெயர் வைத்து வளர்த்த பிள்ளையின் கடி. தொப்பிக்காரன் விரலை உதறிக்கொண்டு துள்ளின நேரத்தில் நாலு பேரும் டிரங்குப் பெட்டியும் உள்ளே போய்விட்டார்கள். குண்டு விழுந்தது. கமலநாதன் நிற்கவேண்டிய இடத்தில் அவன் குடை மட்டும் கிடந்தது. கப்பல் கிளம்பிப் போயிற்று, மல்லிகா பாட்டுக்கூடப் பாடவில்லை, பெட்டியைத் திறந்து பையனுக்கு எதையோ ஊட்டினாள். அந்தப் பிரிண்டில் இல்லவேயில்லாத சுபம் என்ற எழுத்து பெரிதாக வந்து நின்றது.

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், கொஞ்சப் பேர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் வாசலுக்கு வெளியே பாஸ் இல்லாமல் எத்தனையோ ஜனம் நின்றிருந்தது, குடைக்குப் பக்கத்தில் ஒரு செருப்பும் கிடந்தது, அதை அவர்கள் கவனித்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள், பஞ்சாயத்து ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. சுபம் விழுந்ததும் இரண்டு ஆள் உயர ரீலெல்லாம் தானாகச் சுருங்கிப் பழையபடி பதினாலாகிவிட்டது. மாசிலாமணி அவற்றைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, தலையில் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினார். இறங்கின இடத்தில் கனி நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பஸ் வருகிற திசையைப் பார்த்தார், வெள்ளிக்கிழமைக்கு வருகிற படம் சின்னப் படந்தான் என்று ஆரம்பித்தார்.

கொட்டகையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். மூன்று மாதமாக ஒரு குடித்தனத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்திப் பழகினவர்கள், அந்தப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் போய்விடுமா. பெட்டிய இறக்கி வையும் அண்ணாச்சி என்றாள் ஒருத்தி. அவ மூஞ்சியப் பாத்துப் பேசும் என்றாள் இன்னொருத்தி. முதலில் வேர்வையைத் துடைக்கச் சொல்லு என்று பின்னாலிருந்து வந்தது. சண்முகவடிவு தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கனி கையை உயர்த்தினாள், ஊருக்குப் பழக்கமான கை, எல்லாரும் அடங்கினார்கள்.

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா. இது படம் இல்ல." அப்புறம் அவரைப் பார்த்து, "நெசமாச் சொல்லுங்க. என்னையப் பிடிக்கலையா?"

மாசிலாமணி பெட்டியை இறக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"பயமா இருக்கு, கனி. நீங்கள்லாம் கல்யாணத்தோட எந்திரிச்சுப் போயிருவீங்க. அதுக்கு அப்புறம் வாரத நா ஒருத்தன்தான பாக்கேன். இத்தனை வருஷமாப் பாக்கேன். ஒரு படத்துலகூட நல்லது வரல. வண்டி கவுந்துரும், காய்ச்சல் வந்துரும், யுத்தம் வந்துரும். கடைசி ரீல்ல யாராவது ஒருத்தர் தனியா நிப்பாங்க. அது நீயா இருக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு படமாத் தள்ளிக்கிட்டு வந்தேன்."

இவர் கோழை, ஏமாற்றுக்காரர், மெஷினையே கட்டிக்கொண்டவர் என்றெல்லாம் சொல்லித்தான் கனியை மதினி தேற்றி வைத்திருந்தாள். கனிக்குக் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தது, இவ்வளவு நாளும் இந்த மனுஷன் தன்னை வேண்டாம் என்று தள்ளவில்லை, தான் தனியாக நின்றுவிடக்கூடாதே என்று தள்ளியிருக்கிறார், இதற்காகவா நான் பொந்துக்குள் உட்கார்ந்து நரைத்தேன் என்று அவரை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது.

"அந்தக் கடைசி ரீலு வாரப்ப வரட்டும்," என்றாள். "அதுக்கு முன்னால எத்தன ரீலு கெடக்கு. அதையெல்லாம் நா தனியாவே பாத்து முடிக்கணுமா? வந்து கூட உக்காருங்க."

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெட்டிக்காரர் படியில் தொங்கிக்கொண்டு கையை ஆட்டினார். மாசிலாமணி அந்தப் பக்கம் திரும்பாமல், பெட்டியைத் தலையில் வைத்தபடியே சைக்கிள் கடைத் தெருவுக்குள் நடந்தார். கனி அவருக்கு ஒரு அடி தள்ளி நடந்தாள், பின்னால் சண்முகவடிவு, அவளுக்குப் பின்னால் பிள்ளைகளை இடுப்பில் வைத்த ஊர், எல்லாருக்கும் பின்னால் பஸ்ஸை விட்டுவிட்டுப் பெட்டிக்காக ஓடிவரும் பெட்டிக்காரர். தவசிமுத்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், தலைநிமிர்ந்து, இத்தனை ஜனத்தையும் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி எழுந்தார்.

"படம் தூக்கியாச்சு, அண்ணாச்சி," என்றார் மாசிலாமணி. "பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."